கார்ப்பாத்திய மலைத்தடங்களில் எண்டூரோ: சிக்கனத்தின் அழகியல்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை ஒரு கலையாகப் போற்றுவோர் பெரும்பாலும் பந்தயத் தடத்தின் வேகத்தையே அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆயினும் அக்கலையின் நுட்பங்கள் முழுமையாக வெளிப்படுவது சாலை முடிந்து மலை தொடங்கும் இடத்தில்தான். தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானம் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால், அதைப் பற்றி நினைக்காமலேயே ஓட்டுநர் நெடுந்தொலைவு செல்ல முடியும். மலைத்தடத்திலோ ஈர மண், உதிர்ந்த இலை, மரவேர், உருளும் கல் என்று சில அடிகளுக்கு ஒருமுறை அது மாறிக்கொண்டே இருப்பதால், கிடைக்கும் சிறிதளவு பிடிமானத்தை வீணாக்காமல் செலவிடத் தெரிந்தவரே மேலே சென்று சேர்கிறார். பிடிமானத்தையும் உடல் வலிமையையும் மலையின் மண்ணையும் தேவைக்கு மேல் செலவழிக்காத இந்தச் சிக்கனமே மலைத்தட ஓட்டத்தின் அழகு. பலர் ஒன்றுகூடிச் சில நாள்கள் மலையில் ஓட்டும் விடுமுறைப் பயணங்களில் அது தனிமனிதத் திறனாக நின்றுவிடாமல் ஒரு கூட்டு ஒழுங்காகவும் வளர்கிறது.

இத்தகைய பயணங்களுக்கு ஐரோப்பாவில் பெயர்பெற்ற நிலங்களுள் ஒன்று ருமேனியாவின் தெற்குக் கார்ப்பாத்திய மலைகள். அந்நாட்டின் திரான்சில்வேனியாப் பகுதியில், இடைக்காலத்தில் வந்து குடியேறிய சாக்சன்கள் என்னும் ஜெர்மானிய மக்கள் கட்டியெழுப்பிய சிபியு நகரம் அம்மலைகளுக்கு வாயிலாக அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரைச் சற்றே கடந்த உயரத்திலுள்ள அந்நகருக்குத் தெற்கே சின்ட்ரெல் மலைகள் 2244 மீட்டர் வரை உயர்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே நீளும் ஃபகராஷ் தொடரில் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான மொல்டோவேயானு 2544 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு 2042 மீட்டர் வரை ஏறும் டிரான்ஸ்ஃபகராஷான் நெடுஞ்சாலையின் வளைவுகளைத் தேடிச் சாலை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கு வருகின்றனர். எண்டூரோ எனப்படும் மலைத்தட ஓட்டத்தில் ஈடுபடுவோரை ஈர்ப்பதோ சாலைகள் எட்டாத சரிவுகளும் அவற்றின் பலவகைத் தரைகளும் ஆகும்.

அத்தரைகளின் பன்மை உயரத்தோடு தொடர்புடையது. அடிவாரத்துப் பீச் மரக்காடுகளில் பல பருவங்களின் இலைகள் மெத்தென்று படிந்து, அடியிலுள்ள வழுக்கும் களிமண்ணை மறைத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் வேர்கள் ஆழமாக இறங்காமல் மேற்பரப்பிலேயே பரவுவதால், தடத்தின் குறுக்கே அவை வரிவரியாகப் புடைத்து நிற்கும்; வெட்டிய மரங்களைக் குதிரைகளும் டிராக்டர்களும் இழுத்துச் சென்ற வழிகளில் ஆழமான நீள்பள்ளங்கள் விழுந்திருக்கும். காட்டின் எல்லையைக் கடந்தால் குட்டைப் பைன் புதர்களும், அவற்றுக்கப்பால் மந்தைகள் மேயும் திறந்த புல்வெளியும் வருகின்றன. ஒரே நாளில் இவை அனைத்தையும் கடக்கும் ஓட்டுநர், ஒவ்வொரு தரைக்கும் உரிய நடையைத் தனித்தனியே கற்றிருக்க வேண்டியவராகிறார்.

இன்றைய மலைத்தட ஓட்டம் இரண்டு பழைய போட்டி மரபுகளிலிருந்து உருவானது. முதலாவது, நெடுந்தொலைவையும் குறித்த நேரத்தையும் அடிப்படையாகக் கொண்ட எண்டூரோ. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் போட்டி, வண்டியின் உழைப்பையும் ஓட்டுநரின் தாங்குதிறனையும் ஒருங்கே சோதிப்பதற்காக ஏற்பட்டது. இரண்டாவது, டிரையல்ஸ். பாறையும் ஓடையும் நிறைந்த குறுகிய பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடப்பதே இதன் நோக்கம் என்பதால், ஒருமுறை கால் தரையில் பட்டால் ஒரு தண்டப்புள்ளியும் கடக்கவே இயலாமல் போனால் ஐந்து தண்டப்புள்ளிகளும் விதிக்கப்படும். முன்னதன் நெடுமூச்சும் பின்னதன் துல்லியமும் கலந்து பிறந்ததே கடும் எண்டூரோ என்னும் வடிவம். அதன் முதன்மையான போட்டிகளுள் ஒன்றான ரெட்புல் ரொமேனியாக்ஸ், 2004 முதல் சிபியுவை மையமாகக் கொண்டு நடைபெறுகிறது. அப்போட்டியைப் பலமுறை வென்ற இங்கிலாந்து வீரர் கிரஹாம் ஜார்விஸ் டிரையல்ஸிலிருந்து வந்தவர் என்பது தற்செயலானதன்று. பிறர் எஞ்சினை உறுமவிட்டுத் திணறும் சரிவுகளில் அவர் அவசரமின்றி, ஏறக்குறைய நடைவேகத்தில் ஏறிச் செல்லும் காட்சியே இக்கலையின் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

வண்டியின் அமைப்பும் இச்சிக்கனத்தையே குறிக்கோளாகக் கொண்டது. சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற நெடும்பயண வண்டிகள் ஏறத்தாழ 200 கிலோ எடை கொண்டவை. சுமையோடு மலைச்சாலைகளைக் கடப்பதற்கு அந்த எடை பொருந்தும். காட்டுச் சரிவுகளுக்கென ஆஸ்திரியாவின் கேடிஎம், இத்தாலியின் பீட்டா போன்ற நிறுவனங்கள் உருவாக்கும் எண்டூரோ வண்டியோ ஏறத்தாழ அதில் பாதி எடையே உடையது. அவற்றுள் பலவற்றில் 250 அல்லது 300 சிசி கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். கிராங்க் தண்டு ஒருமுறை சுழலும்போதெல்லாம் ஒரு வெடிப்பு நிகழும் இவ்வகை எஞ்சினில் உறுப்புகள் குறைவு என்பதால் எடையும் குறைவு. மெதுவான சுழற்சியிலும் இழுவை தளராமல் இருப்பதால், செங்குத்தான இடத்தில் ஊர்ந்து ஏறவும் அது இடந்தருகிறது. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் அளவுக்கு அமிழ்ந்து எழும். டயரில் காற்றடைத்த டியூபுக்குப் பதிலாக மூஸ் எனப்படும் நுரைவளையத்தைப் பொருத்துவதும் வழக்கம்; அது பஞ்சராவதில்லை என்பதோடு, குறைந்த காற்றழுத்தமுள்ள டயரைப் போலக் கல்லின் மேல் படிந்து அதைப் பற்றிக்கொள்ளவும் செய்கிறது.

ஓட்டுநரின் கலை நிற்பதில் தொடங்குகிறது. இருக்கையில் அமர்ந்திருப்பவரின் எடை வண்டியோடு ஒட்டிக்கிடந்து, ஒவ்வொரு குலுக்கலையும் முதுகெலும்புக்கு அனுப்புகிறது. ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நிற்பவரின் எடையோ பாதங்களின் வழியே வண்டியின் கீழ்ப்பகுதிக்கு இறங்குவதால், வண்டி அவருக்குக் கீழே தன் போக்கில் அசைந்தாலும் தலையும் தோளும் நிலைகுலைவதில்லை. முழங்கால்கள் சற்றே மடங்கி டேங்கை மெல்ல அணைத்திருக்க, முழங்கைகள் வெளிநோக்கி உயர்ந்திருக்க, கைகள் ஹேண்டில்பாரை இறுக்காமல் தொட்டிருக்கும் இந்நிலையில், கால் மூட்டுகள் இரண்டாவது சஸ்பென்ஷனாகப் பணியாற்றுகின்றன. கைப்பிடி இறுகினால் முன்கை விரைவில் கடுத்துப்போய் விரல்கள் கிளட்சையும் பிரேக்கையும் நுட்பமாக இயக்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பதால், தளர்ந்த பிடியே தேர்ச்சியின் முதல் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

ஏற்றத்தில் அடங்கியுள்ள சிக்கல் மிக நுண்ணியது. உடலை முன்னே சாய்த்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழாது, ஆனால் பின்சக்கரம் எடை இழந்து வழுக்கும். பின்னே சாய்த்தால் பின்சக்கரம் மண்ணைப் பற்றும், ஆனால் முன்சக்கரம் மேலெழுந்து வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலை கல்லுக்குக் கல் இடம் மாறுவதால், இடுப்பைச் சில அங்குலங்கள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேண்டிய வேகத்தை ஏற்றத்தின் அடியிலேயே திரட்டிக்கொண்டு, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, ஆற்றல் மிகும் கணத்தில் ஒற்றை விரலால் கிளட்சைச் சிறிது இழுக்கும் ஓட்டுநரின் பின்சக்கரம் மண்ணைக் கிளறுவதில்லை. வண்டி நின்றுவிட்டபின் ஆக்சிலரேட்டரை முறுக்குவதோ சக்கரத்துக்குத் தானே குழி தோண்டுவதாகும். தேர்ந்தவர் அந்நிலையில் முயற்சியை உடனே நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, முன்சக்கரம் இறக்கத்தை நோக்கும்வரை இழுத்துத் திருப்பி, கீழே சென்று மீண்டும் தொடங்குவார். அந்தப் பின்வாங்கலும் இக்கலையின் முறையான ஓர் அங்கமே.

ஈரமான வேரைக் கடக்கும்போது சக்கரம் அதை இயன்றவரை செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். சாய்வாகச் சந்தித்தால் வேரின் திசையிலேயே சக்கரம் வழுக்கிச் சென்றுவிடும். பக்கவாட்டுச் சரிவில் பள்ளத்தின் பக்கமுள்ள ஃபுட்ரெஸ்ட் மீது எடையை அழுத்தினால், வண்டி சரிவின் பக்கம் சாயாமல் நிமிர்ந்து நின்று டயரின் விளிம்புக் கட்டைகளை மண்ணில் பதிக்கிறது. மேட்டை நோக்கி உடலைச் சாய்க்கும் இயல்பான அச்சத்துக்கு நேர்மாறான இச்செயலைப் பழக்கத்தினால் மட்டுமே பெற முடியும். இறக்கத்தில் உடல் பின்னே செல்கிறது, முன் பிரேக்கை ஒற்றை விரல் படிப்படியாக அழுத்துகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்த அதிகம் உதவாது என்பதற்காகப் பின் பிரேக்கையே இடைவிடாமல் மிதித்து இறங்கினால், அதன் எண்ணெய் கொதித்துப் பிரேக் செயலிழக்கும். ஆகவே அழுத்தவும் விடவும் அறிந்த பாதமே நீண்ட இறக்கங்களில் வண்டியைக் காக்கிறது. இவை எல்லாவற்றையும் ஆள்வது கண். பார்வை எங்கு நிலைக்கிறதோ அங்கேயே வண்டியும் செல்லும் என்பதால், அஞ்ச வேண்டிய பாறையை ஒருமுறை குறித்துக்கொண்டு, அதைக் கடந்து செல்லும் வழியின் மீதே கண்ணை வைத்திருப்பது அடிப்படைப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது.

இத்தனை தனித்திறன்களும் குழுவுக்குள் வந்தபின் புதிய பொருள் பெறுகின்றன. ரொமேனியாக்ஸ் போட்டி கோல்டு, சில்வர், பிரோன்ஸ் முதலிய வகுப்புகளாகப் பிரிந்து ஒரே மலையில் வெவ்வேறு தடங்களில் நடப்பதைப் போலவே, விடுமுறைப் பயணங்களிலும் ஓட்டுநர்கள் திறனுக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். தடமறிந்த வழிகாட்டி முன்னே செல்ல, அனுபவம் மிக்க ஒருவர் கடைசியில் வருவார். தடம் பிரியும் இடத்தில் வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் நின்று பின்வருவோருக்குத் திசை காட்டி, கடைசி நபர் வந்து சேர்ந்தபின் அவருக்கு முன்னால் வரிசையில் இணைந்துகொள்வார். அடுத்த பிரிவில் அப்பணி அப்போது இரண்டாவதாக இருப்பவருக்குச் செல்லும். எளிய இந்த ஏற்பாட்டினால் எவரும் எவரையும் துரத்தத் தேவையின்றி அவரவர் வேகத்தில் ஓட்டவும், முன்செல்வோரின் புழுதி அடங்கும்வரை இடைவெளி விடவும் முடிகிறது. முன்னே ஓட்டும் பொறுப்பும் காத்திருக்கும் பொறுப்பும் அனைவருக்கும் முறையாக வந்து சேர்கின்றன.

செங்குத்தான ஏற்றங்களில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏறுவார்; மேலிருப்பவர் வழியை விட்டு விலகும்வரை கீழிருப்பவர் தொடங்குவதில்லை. முதலில் ஏறியவர் தம் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு இறங்கிவந்து, பின்வருபவர் திணறும் இடத்தில் முன்ஃபோர்க்கில் கட்டிய பட்டையைப் பிடித்து இழுத்துவிடுவார். கீழே நிற்பவர்கள் முன்னவரின் ஏற்றத்தைப் பார்த்து எந்தக் கல் அசைகிறது, எந்த வேர் வழுக்குகிறது என்பதை அறிந்துகொள்வதால், ஒருவரின் தோல்வியும் எல்லோருக்கும் பாடமாகிறது. மிகுந்த திறமையுள்ள ஒருவர் தனியாகச் செலவிடும் உழைப்பைவிட, நடுத்தரத் திறமையுள்ள ஐவர் இவ்வாறு ஒழுங்காகப் பகிர்ந்துகொள்ளும் உழைப்பு அதே மலையை எளிதாகக் கடக்க உதவுகிறது என்பதே குழுப்பயணத்தின் சிறப்பு.

இம்மலை ஓட்டுநர்களுக்காக மட்டும் இருப்பதன்று. சிபியுவைச் சூழ்ந்த இடையர் கிராமங்களின் மந்தைகள் கோடையில் உயர்ந்த புல்வெளிகளில் தங்குகின்றன. அவற்றைக் கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் காக்கும் பெரிய நாய்கள் அந்நியரைக் கண்டால் பாய்ந்து வரும். அப்போது வண்டியை மெல்ல நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இடையர் நாய்களை அழைக்கும்வரை பொறுத்திருப்பதே அங்குள்ள முறை. தேசியப் பூங்காக்களையும் அனுமதியில்லாத காடுகளையும் விலக்கித் தடங்களை வகுப்பதும், மழையில் ஊறிய புல்வெளியில் சக்கரத்தைப் பதிக்காமல் சுற்றிச் செல்வதும் நல்ல வழிகாட்டியின் தகுதிகளாகும். ஈரப்புல்லைக் கிழித்த சக்கரத்தடத்தில் மழைநீர் ஓடி அதை அரிப்புப் பள்ளமாக மாற்றிவிடும் என்பதால், இதில் காட்டும் கவனக்குறைவு அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுவதில்லை.

ஆகவே மலைத்தட ஓட்டத்தை ரசிக்க விரும்புபவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எஞ்சினின் ஒலி ஏற்றம் முழுவதும் அலறாமல் ஒரே சீராக ஒலிக்கிறதா என்று கேட்கலாம். ஓட்டுநரின் தலை அசையாமலிருக்க வண்டி மட்டும் அவருக்குக் கீழே ஆடுகிறதா என்று நோக்கலாம். அவர் கடந்தபின் தரையில் எஞ்சியிருப்பது மெல்லிய கோடா, தோண்டிய குழியா என்று சோதிக்கலாம். திறமை குறைந்தவர் மலையையும் தம்மையும் ஒருங்கே சிதைக்கிறார். திறமை மிகுந்தவர் இரண்டையும் காத்தபடி உச்சியை அடைகிறார். ஓட்டுநரின் தேர்ச்சியும் மலைக்கு அவர் காட்டும் மரியாதையும் ஒரே செயலாக அமைவதனால்தான் இவ்விளையாட்டு கலை என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறுகிறது.