செம்பனைக்கும் பூ உண்டு

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பூப்படம் என்றாலே வாசல் செம்பருத்திதான். 1960 முதல் அது மலேசியாவின் தேசிய மலர், அழகில் குறையில்லை. ஆனாலும் கைப்பேசியைச் செம்பனையின் ஆண்பூவருகே கொண்டுபோனால்தான் படமெடுப்பதன் முழு இன்பம் புரியும். மட்டை இடுக்கில் விரல் விரலாக நிற்கும் வெளிர்மஞ்சள் கதிர்கள், சோம்பு வாசம், அவற்றின்மேல் ஊரும் எள்ளளவு வண்டுகள்! கேமரூனிலிருந்து 1981-இல் இந்த வண்டு கொண்டுவரப்படும் வரை பல தோட்டங்களில் ஆட்களே மகரந்தம் தூவினார்கள். படமெடுப்பவர் திரையைத்தான் பார்க்கிறார், பூவை அல்ல என்பார்கள். அவசரத்தில் எடுத்தால் உண்மைதான். ஆனால் அந்த வண்டு தெளிவாக விழ வேண்டுமானால், மூச்சடக்கிக் காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் வேறெதற்காகவும் நாம் ஒரு பூவின் முன் நிற்பதில்லை. அடுத்தமுறை குட்டைச் செம்பனை ஒன்றைக் கண்டால், கொஞ்சம் குனிந்து பாருங்கள்.