மூச்சு விடாத தூளி

சொந்தக் கையால் தூளி தைத்து, அதைப் பையில் சுருட்டிக்கொண்டு சிறுமலைக்கோ தாண்டிக்குடிக்கோ ஏறுகிறவர்களிடம் எந்தத் துணி நல்லது என்று கேட்டால், இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: லேமினேட், அதாவது நீர்புகாத, மூச்சுவிடும் சவ்வை ஒட்டிய துணி. மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போய்விடும். பிறகு தனியாகக் கூரை எதற்கு, தூளியையே அந்தத் துணியால் உறைபோட்டு மூடிவிடலாமே என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

துணியைக் குறைசொல்ல முடியாத இடங்கள் உண்டு. 1969-இல் பாப் கோர் சூடாக்கிய டெஃப்லான் கம்பியை வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் பொருள்தான் பின்னர் கோர்-டெக்ஸ் சவ்வாகி மலையேறிகளின் உடையையே மாற்றியது. மார்கழியில் கொடைக்கானல் மேல்மலைக் குளிர்காற்றில் நிற்பவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மேல்மலை வேறு, சிறுமலை வேறு; திண்டுக்கல் சமவெளி முற்றிலும் வேறு.

சவ்வு தானாக மூச்சு விடுவதில்லை. உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கூடினால்தான் ஆவி துளைவழியே நகரும். 35 டிகிரியில் ஈரத் தோலையொட்டி அந்த அழுத்தம் ஏறக்குறைய 5.6 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரி மழை என்றால் 0.9தான், ஆவியைத் தள்ளுவதற்கு வித்தியாசம் தாராளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், 24 டிகிரியில் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது வெளியழுத்தமே 3-ஐ எட்டிவிடும். வித்தியாசம் பாதிக்குச் சற்றே மேல். அதுவும் வியர்த்து நிற்பவரின் கணக்கு. தூங்குகிறவர் மூச்சாலும் தோலாலும் விடியுமுன் ஒரு டம்ளர் தண்ணீராவது வெளியே விடுகிறார். அது குளிர்ந்த சவ்வின் உட்புறத்தில் பட்டுத் துளியாகிறது. மேல்துணியின் நீர்விலக்குப் பூச்சு அழுக்கிலும் உரசலிலும் தேய்ந்துபோனால் மழைநீர் படலமாகப் பரவி, மிச்சமிருந்த வழியையும் அடைத்துவிடும். காலையில் நனைந்து எழுகிறவர் மழை ஒழுகிவிட்டது என்று தையலைத் திட்டுகிறார்.

பிரியாணிக்குத் தம் போட்டால் உள்ளே என்ன ஆகும் என்று திண்டுக்கல்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துணி எவ்வளவு மூச்சு விடும் என்று விற்பனைச் சீட்டில் மின்னும் எண்களும் இந்த ஊரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஐஎஸ்ஓ 11092 சோதனையில் வியர்க்கும் தகடு 35 டிகிரி, சுற்றியுள்ள காற்றும் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். மழை கொட்டும்போது 40 சதவீத ஈரப்பதம் எந்த மலையில் இருக்கும்?

தூளியின் சிறப்பே அடியில் ஓடும் காற்றுதான். களையெடுக்க வந்த தாய் வரப்போர வேம்பில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போடுவது நிழலுக்காக மட்டுமல்ல, நாலு பக்கமும் காற்று வரும் என்பதற்காகவும்தான். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு மழையில் வேலை பார்த்தவர்களும் முன்பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். அந்தக் காற்றைக் காசு கொடுத்து அடைப்பதற்குப் புதுமை என்று பெயர் வைத்திருப்பது வேடிக்கை.

வீட்டில் தைப்பவருக்கு இன்னொரு தொல்லை. 3 மில்லிமீட்டர் தையல் என்றால் மீட்டருக்கு முந்நூறுக்கு மேல் ஊசித்துளை. அத்தனையையும் பட்டி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி மூட வேண்டும். சூடு குறைந்தால் பட்டி பிடிக்காது. கூடினால் சவ்வு கெடும்.

எடையாவது குறைகிறதா? மூன்றடுக்கு லேமினேட் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 100 கிராமைத் தொட்டுவிடும். சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலானான சில்நைலான் 45 கிராம் அளவில் நிற்கும். மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு கூரை போட்டால் சில்நைலானில் 340 கிராம், லேமினேட்டில் முக்கால் கிலோ. சில்நைலான் துளியும் மூச்சு விடாது. தலைக்கு மேலே, காற்றுக்கு வழிவிட்டுக் கட்டுவதால் அது மூச்சு விடவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் லேமினேட்தான் வேண்டும் என்பவர்கள், துணியை வெட்டுமுன் அதன் எண்ணை எந்த ஈரப்பதத்தில் அளந்தார்கள் என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.