அல் பரகாத்: அறிக்கை போடாத கணக்கு

நம்ம பத்திரிகைகளில் ஹவாலா என்றாலே கறுப்புப் பணம்தான். அந்த நினைப்போடுதான் செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் ஊழியர்கள் பயங்கரவாத நிதி பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கையைத் திறந்தேன். அதில் அல் பரகாத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பின்னணி சுருக்கமாக. 1991இல் சோமாலிய அரசு கவிழ்ந்தபோது வங்கிகளும் சேர்ந்தே போயின. மினியாபொலிஸில் வேலை பார்க்கும் ஒருவர் மொகதிஷுவில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பணும் என்றால், உள்ளூர் ஏஜென்டிடம் டாலரைக் கொடுப்பார். தகவல் மட்டும் அங்கே போகும். அங்குள்ள ஏஜென்ட், குலம் என்ன, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, ஆளை உறுதி செய்துகொண்டு பணத்தைக் கொடுப்பார். ஏஜென்டுகளுக்கு இடையிலான பாக்கி பிறகு துபாய் வழியாகத் தீரும். இதில் மிகப் பெரிய நிறுவனம் அல் பரகாத். தொலைபேசி, இணையச் சேவையும் நடத்தியது. பின்லேடனுக்குப் பணம் போகிறது என்று சொல்லி 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா அதை முடக்கியது.

அறிக்கையின் நேர்மையைப் பாராட்டணும். எஃப்பிஐ அதிகாரிகள் துபாய் வரை போய்க் கணக்குகளைப் புரட்டியும் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அரசு ஆவணத்தில் இது அபூர்வம்.

ஆனால் கதை முழுக்க வாஷிங்டன் பக்கமிருந்தே ஓடுகிறது. யார் முடிவெடுத்தார்கள், எங்கே சோதனை நடந்தது, வழக்கு ஏன் நிற்கவில்லை என்பதெல்லாம் விரிவாக வருகிறது. மொகதிஷுவில் வரிசையில் நின்ற அந்த அம்மா பின்னணியாகத்தான் வருகிறார். நவம்பர் மாதப் பணம் வராதபோது அவர் என்ன செய்தார்? யாரிடம் கடன் வாங்கினார்? அதைத் தேடி யாரும் போனதாகத் தெரியவில்லை.

என் வேலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்துவதற்கு முன் முதல் கேள்வி, இதை நம்பி வேறு என்னவெல்லாம் ஓடுகிறது என்பதுதான். அறிக்கை ஆதாரத்தின் தரத்தை அலசுகிறது; இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்கவில்லை. ஹவாலாவில் தவறே நடக்காது என்று நான் சொல்லவில்லை, கண்காணிப்பு வேணும். ஆனால் மாற்று வழி இல்லாத ஊரில் இருக்கிற ஒரே வழியை அடைத்தால் தண்டனை யாருக்கு?

இது பழைய கதையும் இல்லை. 2013இல் பார்க்லேஸ் வங்கி, தஹப்ஷீல் என்ற இன்னொரு சோமாலிய நிறுவனத்தின் கணக்கை மூடப்போவதாக அறிவித்தது. அதே கேள்வி மறுபடியும் எழுந்தது.