முறை உண்டு, நேரம் இல்லை

சாரல் பிடித்தால் தென்காசிச் சீமையில் முதலில் நிரம்புவது குண்டாறு அணை. அதன் உயரம் 36 அடிதான். மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணையின் நீர், அனுமன் நதி வழியே வடகரை, அச்சன்புதூர் வயல்களுக்கு வருகிறது. இவை மலையடிவாரத்து ஊர்கள், அருகிலேயே குற்றாலம். இங்கே குடிநீருக்குக் காத்திருப்பார்கள் என்று வெளியூர்க்காரர் நினைக்கமாட்டார். ஆனால் ஆற்றில் நீர் ஓடுவதாலேயே குழாயில் நீர் வந்துவிடாது. அதற்கு மோட்டார், மின்சாரம், மேல்நிலைத் தொட்டி, வால்வு, அதைத் திறந்துவிடும் ஆள் எல்லாம் கூடிவர வேண்டும். ஒன்று பிசகினாலும் "இன்னைக்குத் தண்ணி உண்டா?" என்ற கேள்வி தெருவில் கிளம்பிவிடும்.

சிறு பேரூராட்சிகள் இதற்குக் கண்ட வழி, முறைவைத்துத் தண்ணீர் விடுவது. இந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எல்லாத் தெருவுக்கும் ஒரே சமயத்தில் திறந்தால் பள்ளத்துத் தெரு இழுத்துக்கொள்ளும்; மேட்டுத் தெருவில் சொட்டும். பகுதி பகுதியாகத் திறந்தால் அழுத்தம் கூடி, எல்லோருக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும். ஓட்டைக் குழாய்களில் நாள் முழுக்க ஒழுகும் நீரும் மிஞ்சும். இருப்பதைப் பங்கிட இதைவிடச் செலவு குறைந்த ஏற்பாடு இல்லை.

ஆனால் அரசு மிச்சம் பிடிக்கும் அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில் இறங்குகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் குழாய்நீருக்கு மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு வகுத்த அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை நீர் வந்தால் 840 லிட்டர் பிடித்துவைக்க வேண்டும். 15 லிட்டர் குடத்தில் அது 56 குடம். தரைத்தொட்டி உள்ளவருக்குக் கவலையில்லை. ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எதில் பிடிப்பார்? தாள் கணக்கில் இருவருக்கும் ஒரே பங்கு. கைக்கு வருவது ஒன்றல்ல. குழாயிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுவோர் இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறார்கள். மீட்டர் இல்லாத இணைப்பில் மாதக் கட்டணமோ எல்லோருக்கும் ஒன்றுதான். முறை தவறிய தெருவும் அதையேதான் கட்டுகிறது.

உடல்நலம் சார்ந்த குறைகள் இரண்டு. நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே கசியலாம். திறந்ததும் வரும் கலங்கல் நீரைக் கீழே விடச் சொல்வது இதனால்தான். மற்றது, பிடித்துவைத்த நீரில் பெருகும் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பக்கத்து ஊரான கடையநல்லூர் 2012-ல் டெங்குவால் பட்ட பாடு இங்குள்ளோருக்குத் தெரியும். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவு என்கிறது சுகாதாரத்துறை. அடுத்த நீர் என்று வரும் என்று தெரியாதவர் இருக்கும் நீரை எந்தத் துணிவில் கொட்டுவார்?

ஆக, குறையின் வேர் முறைவைப்பதில் இல்லை. நேரம் சொல்லாததில் இருக்கிறது. மின்வாரியத்தைப் பாருங்கள். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதென்றால் இன்ன ஊர்களில், காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்று முன்கூட்டியே நாளிதழில் செய்தி வருகிறது. புகார் சொல்ல 2021 ஜூனில் மின்னகம் என்ற சேவை மையத்தையும் திறந்தார்கள். மின்தடை அதனால் ஒழியவில்லை. ஆனாலும் மாவு ஆட்டுவதை முந்தின நாளே முடித்துக்கொள்ள முடிகிறது. அதே மின்தடையால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாமல் போய், மறுநாள் ஒரு தெருவுக்கு நீர் வராது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்ட ஊர்களில் பொறுப்பும் இரண்டாகப் பிரிகிறது. குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாக நீர் தரும். வீடுகளுக்கு விநியோகிப்பது பேரூராட்சி. வழியில் பெரிய குழாய் உடைந்தால் பல ஊர்களுக்கு நீர் நிற்கும். கேட்கப் போகிறவர் இரண்டு அலுவலகங்களுக்கும் நடக்க நேரும்.

ஒடிசாவின் பூரி நகரம் 2021 முதல் குழாயிலேயே 24 மணி நேரமும் குடிக்கத்தக்க நீர் தருகிறது. அதற்குப் புதுக் குழாய், மீட்டர், பெருநிதி எல்லாம் வேண்டும். பேரூராட்சியிடம் அதை நாளைக்கே கேட்பது நியாயமாகாது. கேட்கக்கூடியவை மூன்று. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்ற பட்டியல் மேல்நிலைத் தொட்டியடியில் எழுதப்பட வேண்டும். தடை வந்தால் முந்தின நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பிலோ ஒலிபெருக்கியிலோ சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: தவறிய முறையை விழுங்கிவிட்டு அடுத்த தெருவுக்குத் தாவாமல், விட்ட தெருவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். வாய்க்கால் நீரைப் பங்கிடும் ஊருக்கு இந்த நியாயத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இம்மூன்றுக்கும் குழாய்க்காகத் தெருவைத் தோண்ட வேண்டாம். செய்யாதிருக்க நிதியில்லை என்ற சாக்கும் செல்லாது.