தாழம்பூவும் பொய்ச்சான்றும்

மணத்தாற் சிறந்த தாழம்பூ சிவபூசைக்கு விலக்கப்பட்டதற்குப் புராணங்கள் ஒரு காரணங் கூறும். சோதிப்பிழம்பாய் நின்ற பெருமானது முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்த பிரமன், அம்முடியினின்று வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைக் கண்டு, தான் முடி கண்டதாகச் சான்று பகருமாறு வேண்டினான். அது பொய் பகர்ந்தது, விலக்கவும் பட்டது.

அறிவில் பூவிற்குத் தண்டம் தகுமோவென இக்கதையை இகழ்வாருளர். இறைவன் வெறுத்த பூவென்று சொல்லி அவ்வளவில் அமைவாருமுளர். இருதிறத்தாரும் கதையின் உட்பொருளை நோக்கிலர். என்னை? பன்றியாய் அகழ்ந்த திருமால் அடி காணாமையை ஒப்புக்கொண்டார். ஆதலின், காணாமை குற்றமன்று. காணாததைக் கண்டேனென்றலே குற்றம். பாசஞானத்தானும் பசுஞானத்தானும் உணரவாராத பதி, பதிஞானத்தாலேயே உணரப்படுமென்பது சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரக் கருத்து. தன்முனைப்பால் தேடிய பிரமன் பசுஞானத்திற்கு அறிகுறி. திருமுடியில் இருந்தும் பொய்க்குத் துணைபோன தாழையோ, திருவருட்சார்பு பெற்றும் வாய்மை வழுவிய உயிருக்கு அறிகுறி என்க.

கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறை, இரக்கம், அறிவு, தவம், வாய்மை, அன்பு என்னும் எட்டனையும் அகப்பூசைக்குரிய மலர்களாகச் சைவநூலார் வகுத்தனர். தாழையினிடத்துக் குறைந்தது மணமன்று; வாய்மையென்னும் அகமலரே. உத்தரகோசமங்கையில் இறைவற்குத் தாழம்பூச் சாத்தும் வழக்குண்மையும், வெறுக்கப்பட்டது பூவன்றென்பதை வலியுறுத்தும்.

சோழர் கற்றளிகள் பலவற்றிற் கருவறையின் பின்சுவரில் இலிங்கோற்பவர் திருவுருவம் விளங்குகின்றது. வலம்வந்து அதனைத் தொழுவோர் தாழையை ஒழித்து வேறு மலர் கொய்தலோடு அமையாது, தம் நாவினின்று பொய்யையும் ஒழித்தல் வேண்டும்.