படிவம் நீங்காத கணினிமயம்

முன்னாள் அமைச்சர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டு மே மாதத்திலேயே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பிரயோக விஞ்ஞான பீடத்தைச் சம்மாந்துறையிலும் ஏனையவற்றை ஒலுவிலிலும் வைத்துக்கொண்டு, நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் மாணாக்கரை ஏற்கும் ஸ்தாபனமாகையால், இத்தகைய ஒன்றின் நிர்வாகத்தைக் கணினிவழி ஒருமுகப்படுத்துவது அவசியமென்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

நம் பல்கலைக்கழகங்களின் கணினிமய முயற்சியின் சிறப்பை மறைப்பது அநியாயம். 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் சேவையாகத் தளிர்விட்ட 'லேர்ன்' வலையமைப்பு இன்று நம் அரச பல்கலைக்கழகங்களைப் பிணைக்கிறது. எடுரோம் என்னும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கம்பியில்லா இணைய ஏற்பாட்டினால், தன் பல்கலைக்கழகம் தந்த ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு ஒரு விரிவுரையாளர் பேராதனையிலும் ஜெர்மனியிலும் இணையத்தில் நுழையலாம். மூடில் போன்ற கட்டற்ற கற்பித்தல் மென்பொருளைக் கைக்கொண்டதால், உரிமக் கட்டணமாக அந்நியச் செலாவணி வெளியேறுவதும் தவிர்ந்தது. 2020இல் பெருந்தொற்று வாயில்களை அடைத்தபோது, பல்கலைக்கழகத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுகச் செய்த ஏற்பாட்டினால், மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளையும் கைத்தொலைபேசியில் பாடம் கேட்க முடிந்ததே, அதைவிடப் பெரிய நற்சாட்சி வேண்டுமா?

ஆயினும், நவீனமென்று நாம் கொண்டாடுவதிற் பாதி, பழைய காரியாலய வழக்கத்துக்குப் பூசிய புதுச் சுண்ணாம்பே. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர், நூலகத்திலும் விடுதியிலும் விளையாட்டுப் பிரிவிலும் ஆய்வுகூடத்திலும் தமக்கு நிலுவை ஏதுமில்லையென்று கையொப்பம் பெற்றுத் திரியும் அந்தப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். அதை இணையத்தில் ஏற்றி, தரவிறக்கி, அச்சிட்டு, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்வது, முன்பிருந்த நடையோடு இன்னும் இரண்டு நடையைக் கூட்டுவதேயன்றி வேறென்ன? எந்த நூல் எவரிடம் இருக்கிறதென்று நூலகக் கணினி அறிந்திருக்கையில், அதனைப் பதிவாளர் பிரிவின் கணினி நேரே கேட்டறிய வேண்டுமேயொழிய, கல்முனை பஸ் நிலையத்தருகே போட்டோகொப்பிக் கடையில் மாணவர் வரிசை பிடிப்பது முறையன்று. கையொப்பங்களில் எவை அவசியமென்று பீடச் சபை முதலில் தீர்மானிக்காமல் மென்பொருள் எழுதுவோரை அழைப்பதே நோயின் மூலமென்பது என் துணிபு. கையொப்பத்தோடு அதிகாரமும் போய்விடுமென்ற உத்தியோகஸ்தர் அச்சமும் இதில் உண்டு. அதை எந்த மென்பொருளும் தீர்க்காது.

யாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதிலும் அபாயம் உண்டு. 2022இன் நீண்ட மின்வெட்டை நாடு அனுபவித்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கிழக்குக் கரையை எப்படி அழித்ததென்பதைச் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 2022இல் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், புள்ளிகளும் முகவரிகளும் யார் கண்ணில் படலாமென்ற கேள்வியையும் எழுப்பிவிட்டது. ஆகவே, கடற்கரையிலிருக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் தன் பதிவேடுகளின் பூட்டிய பிரதியொன்றைப் பேராதனை போன்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் வைத்திருப்பது நலம். அதை நாள்தோறும் அனுப்புவதற்கான பாதையை 'லேர்ன்' ஏற்கெனவே போட்டுத் தந்திருக்கிறது.