மாரடைப்பும் ஒரு பொருந்தா உவமையும்

மாரடைப்பு என்னும் சொல் நம்மிடையே நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்பது நம் வாதமன்று. அச்சொல்லைக் கொண்டே நோயையும் விளக்கப் புகுவதுதான் பிழை. உடல்நலக் கட்டுரைகள் பலவும் குருதி நாளத்தைச் சாக்கடைக் குழாயாகவும், கொழுப்பை அதில் படியும் பிசுக்காகவும் காட்டுகின்றன. எளிய உவமைதான், ஆனால் பொருந்தா உவமை.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானிலும், பத்தாங் பெர்ஜுந்தை என முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவிலும், பால்மரம் வெட்டிய முதியோரைக் கேளுங்கள். கத்தி ஆழப் பாய்ந்துவிட்டால் மீண்டு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும் என்பர். பட்டை உயிருள்ளது. நாளத்தின் சுவரும் அத்தகையதே. புகைப்பழக்கம், நீரிழிவு, மிகு குருதியழுத்தம் ஆகியவற்றால் உட்சுவர் நலிகிறது. கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் திரள, அங்கே அழற்சி மூள்கிறது. அந்த அழற்சி மேல்மூடியை அரித்து மெலியச் செய்ய, ஒருநாள் அது வெடிக்கிறது, குருதி உறைகிறது. வெடிக்கும் இடம் முன்னரே பெரிதும் குறுகியிருக்க வேண்டுவதில்லை. “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்” என்று லயத்து இழவு வீட்டில் கேட்கும் சொல்லுக்குச் சாக்கடை உவமையில் விடை ஏது?

இது வெறும் ஊகமன்று. முன்னரே மாரடைப்புக் கண்ட 10,061 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கனகினுமாப் என்னும் அம்மருந்து கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை. அழற்சியை மட்டும் தணித்தது. நடுத்தர அளவில் அதைப் பெற்றோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. தொற்றுநோயால் இறந்தோர் சற்று மிகுந்ததும் உண்மை. அம்மருந்து இதய நோய்க்கு வழக்கமான மருத்துவமாகவில்லை. இதனால் கொழுப்புக் குற்றமற்றது என்று எவரும் கொள்ளற்க. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவும் இது காரணமன்று.

இனி, மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு குறை. அழற்சியை ‘வீக்கம்’ என்று சிலர் எழுதுகின்றனர். இதயம் தளர்ந்தவருக்குக் கால் வீங்குவதுண்டு; அது நீர் தேங்குவதால் வருவது, முற்றும் வேறு. ‘இதய நோய்க்கு வீக்கமே காரணம்’ என்று படித்த தோட்டத்துப் பாட்டி தம் காலைத்தான் தடவிப் பார்ப்பார். அழற்சி மாணவர்க்குக் கடினம் என்பாரும் உளர். அழல் என்றால் நெருப்பு என்பதை அறியாத மாணவர்க்கு, அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியருக்கு எத்தனை நேரம் வேண்டும்?